சம்பந்தி தண்ணீர் பிடித்த நாள்

மகள் கட்டப்போகும் பையனின் தாய் முதன்முதலாக வீட்டுக்கு வருகிறாள் என்றதும் தவமணிதேவி நண்டுக் கறிச் சட்டியைத் துவாயால் சுற்றிப் பால்கனியில் கொண்டுபோய் ஒளித்தாள். பிறகு குசினிக்கு வந்தாள். சிங்குக்குக் கீழே இருந்த அலுமாரி பல மாதமாகவே சரியாக மூடுவதில்லை. கழுவிக் காயவைத்த ஐஸ்கிரீம் டப்பாக்கள், யோகட் வாளிகள், ஜாம் போத்தல்கள், மடித்து மடித்துச் செருகிய கடைப் பைகள் எல்லாம் கதவைத் தள்ளிக்கொண்டு நின்றன. அத்தனையையும் வாரி அணைத்துக் குளியலறைக்குக் கொண்டுபோய், குளிக்கும் தொட்டிக்குள் கொட்டித் திரைச்சீலையை இழுத்து மறைத்தாள்.

"அம்மா, வாட் ஆர் யூ டூயிங்?" என்று லக்சனா வாசலில் நின்று கேட்டாள்.

"வாற ஆக்களுக்கு முன்னால மானம் போகக் கூடாது. அவை எங்களை என்ன நினைப்பினம்?"

"ரிலாக்ஸ், அம்மா. அவங்க நார்மல் பீப்பிள்."

லக்சனாவுக்கு இருபத்தாறு வயது. பிறந்ததும் வளர்ந்ததும் நியூ ஜெர்சியில். அவளுக்கு எல்லோருமே நார்மல் பீப்பிள்தான். தவமணிக்கு அப்படி இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இந்த நாட்டில் இருந்தும், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பலவகை மனிதரோடு வேலை செய்தும், வெள்ளைக்காரர் என்றால் அவளுக்குள்ளே ஒரு நினைப்பு அசையாமல் இருந்தது. அவர்கள் எல்லாம் இருக்கிற வீட்டில் பிறந்தவர்கள். குழாயைத் திறந்தால் தண்ணீரும் சுவரைத் தட்டினால் வெளிச்சமும் வந்த வீடுகளில் வளர்ந்தவர்கள். அப்படிப்பட்ட ஒருத்தியோடு எதைக் கதைப்பது? பையன் எர்மால் நல்லவன்தான், மரியாதை தெரிந்தவன்தான். ஆனால் நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தால் அந்தக் குடும்பத்துக்கு எங்களை விளங்குமா? இதுதான் அவளுடைய தயக்கம். சாதியோ சமயமோ கூட இல்லை. கணவர் இளங்குமரனிடம் இதைச் சொன்னபோது, "நீ முதல்ல ஆளைப் பார், பிறகு கவலைப்படு" என்றுவிட்டு அவர் சனிக்கிழமை டியூட்டிக்குப் போய்விட்டார். அவர் மயக்க மருந்து டொக்டர். பின்னேரம்தான் வருவார்.

பையனின் குடும்பம் அல்பேனியாவிலிருந்து வந்தது. தவமணி போனில் வரைபடத்தைப் பார்த்தாள். இத்தாலிக்கு எதிர்க்கரையில், கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன நாடு. இங்கே நியூ ஜெர்சியில் பட்டர்சன் பக்கத்தில் அவர்கள் ஒரு இத்தாலியன் பீட்சாக் கடை நடத்துகிறார்கள் என்று லக்சனா சொல்லியிருந்தாள். அதனால் யூடியூப்பைப் பார்த்து லசான்யா என்ற இத்தாலியச் சாப்பாடு ஒன்றைச் செய்து ஓவனுக்குள் வைத்திருந்தாள். உறைப்பு இல்லை. வாசம் பெரிதாக இல்லை. மானம் காக்கும் சாப்பாடு.

பதினொன்றரை மணியளவில் எர்மால் தாயைக் கூட்டிக்கொண்டு வந்தான். பெயர் வல்போனா. குள்ளமான, கட்டையான பெண். மணிக்கட்டுகள் தடிப்பாக இருந்தன. தலைமயிருக்குச் செம்பட்டைச் சாயம். கையில் துணியால் முடிச்சுப் போட்ட ஒரு பெரிய வட்டத் தட்டு. கணவர் அகிமுக்குச் சனிக்கிழமை கடையை விட்டு வர முடியாது என்று மன்னிப்புக் கேட்டாள். அப்புறம் வாசலிலேயே குனிந்து சப்பாத்துகளைக் கழற்றிச் சுவரோரமாக வைத்தாள்.

தவமணி அதைக் கவனித்தாள். இந்த வீட்டுக்கு வந்த வெள்ளைக்காரரில் சொல்லாமலே சப்பாத்துக் கழற்றியதில் இவள்தான் முதல் ஆள்.

லக்சனா அன்றைக்கு ஜேர்னல் ஸ்குவேர்க் கடையில் வாங்கவேண்டிய கேக்கை வாங்க மறந்துவிட்டிருந்தாள். "பிஃப்டீன் மினிட்ஸ், அம்மா" என்று சொல்லி எர்மாலையும் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். வேண்டுமென்றே தங்கள் இருவரையும் தனியே விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று தவமணிக்குப் பட்டது.

முப்பத்தோராம் மாடி. யன்னலுக்கு வெளியே ஹட்சன் ஆறும், அதற்கு அப்பால் மன்ஹாட்டன் கட்டடங்களும், அவற்றின்மேல் கறுத்துக்கொண்டு வரும் ஆடி மாதத்து மழை மேகமும். இருவரும் சோபாவின் இரு நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல வெயில் என்றாள் ஒருத்தி. மழை வரும்போல என்றாள் மற்றவள். இருவருடைய ஆங்கிலமும் வேறு வேறு கடலைக் கடந்து வந்தது. ஆனாலும் விளங்கியது. தவமணி ஓரேஞ் ஜூஸ் கொடுத்தாள். வல்போனா கண்ணாடிக் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

இடி ஒன்று இடித்தது. குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் நின்றது. ஏசி நின்றது. ஓவனின் வெளிச்சம் அணைந்தது. எங்கேயோ தாழ்வாரத்தில் ஒரு அலாரம் கீச்சிட்டு ஓய்ந்தது.

அடுத்த கணம் நடந்ததைத் தவமணி பிறகு எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டாள்.

அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. கால்கள் தாமாகவே எழுந்து குசினிக்கு ஓடின. கரண்ட் போனால் கீழே மோட்டர் நிற்கும், மோட்டர் நின்றால் குழாயில் மிச்சமிருப்பது கொஞ்ச நேரத்துத் தண்ணீர்தான். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொண்ணூற்றாறில் வவுனியா அகதி முகாமில் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டியின் ஹோர்ன் சத்தத்துக்கு எழுந்து ஓடிய உடம்பு அது. பெரிய சட்டியைச் சிங்குக்குள் வைத்துக் குழாயை முழுவதுமாகத் திறந்தாள். திறந்துவிட்டுத் திரும்பினால் சோபா காலி.

குளியலறைக்குள்ளிருந்து வேறொரு குழாயின் சத்தம் கேட்டது. அதோடு, "ஓ!" என்று ஒரு குரல்.

தவமணிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. டப்பாக்கள்!

ஓடிப்போய்ப் பார்த்தாள். வல்போனா திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு, தொட்டி விளிம்பில் முழங்காலை ஊன்றி நின்றாள். தொட்டிக்குள் ஐஸ்கிரீம் டப்பாக்கள் மலைபோலக் கிடந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள். பிறகு தவமணியைப் பார்த்தாள். தவமணி வெட்கத்தில் திரைச்சீலையை மறுபடி இழுக்கப் போனாள்.

"எத்தனை அருமையான டப்பாக்கள்! எல்லாவற்றுக்கும் மூடி இருக்கிறது" என்றாள் வல்போனா.

கேலி இல்லை. உண்மையான பாராட்டு. அடுத்த நிமிடம் அவள் சட்டைக் கையை மடித்துவிட்டு டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து நிரப்பி நிரப்பி நீட்டினாள். தவமணி வாங்கி வாங்கிச் சுவரோரமாக அடுக்கினாள். யார் எதைச் செய்ய வேண்டும் என்று இருவரும் கேட்கவில்லை. டப்பாக்கள் முடிந்ததும் தொட்டிக்கு அடைப்பானைப் போட்டு அதையும் நிறைய விட்டார்கள். குழாய் இருமியது, துப்பியது, ஒரு நூலாக ஒழுகியது, நின்றது. இருவரும் ஈர உடுப்போடு குளியலறைத் தரையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நீங்கள் ஏன் ஓடினீர்கள்?" என்று வல்போனா கேட்டாள்.

"நீங்கள் ஏன் ஓடினீர்கள்?" என்று தவமணி திருப்பிக் கேட்டாள்.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு.

போனில் லக்சனா அழைத்தாள். அந்தப் பகுதி முழுக்கக் கரண்ட் இல்லை, சிக்னல்கள் வேலை செய்யவில்லை, வாகனங்கள் அசையவில்லை என்றாள். "ஆர் யூ ஓகே? ஆர் யூ டூ டோக்கிங்?" என்று பயந்து பயந்து கேட்டாள். "நாங்கள் நல்லாத்தான் இருக்கிறம். நீங்கள் ஆறுதலா வாங்கோ" என்று தவமணி போனை வைத்தாள்.

லசான்யா பாதி வெந்தும் வேகாமலும் ஓவனுக்குள் கிடந்தது. அடுப்பும் மின்சார அடுப்பு. வல்போனா ஓவனைத் திறந்து பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"உண்மையைச் சொல்லட்டுமா? இருபது வருடமாகக் கடையில் ஒவ்வொரு நாளும் இதைத்தான் பார்க்கிறேன். உங்களிடம் வேறு ஏதாவது இருக்கிறதா? உங்கள் சாப்பாடு?"

தவமணி பால்கனிக்குப் போய்த் துவாயை அவிழ்த்து நண்டுக் கறிச் சட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். இன்னும் சூடு ஆறவில்லை. வல்போனா தன் தட்டின் முடிச்சை அவிழ்த்தாள். கீரையும் பால்கட்டியும் வைத்து மெல்லிய மாத்தாள்களாக அடுக்கிச் சுட்ட ஒரு பெரிய வட்டப் பணியாரம். குசினித் தரை குளிர்ச்சியாக இருந்ததால் இருவரும் அங்கேயே காலை நீட்டி உட்கார்ந்து, அந்தப் பணியாரத்தைப் பிய்த்து நண்டுக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டார்கள். வல்போனாவுக்கு மூக்கால் நீர் வடிந்தது. முகம் சிவந்தது. நிறுத்தவில்லை. நண்டுக் காலைப் பல்லால் கடித்து உடைத்தாள்.

"நான் எல்பசான் என்ற ஊரில் வளர்ந்தேன். அங்கே சீனாக்காரர் கட்டித் தந்த பெரிய உருக்கு ஆலை இருந்தது. அகிமுக்கு அதில்தான் வேலை. நான் சின்னப் பிள்ளைகளின் பள்ளியில் டீச்சர். எங்கள் மாடிக்கு விடியற்காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். அதனால் தண்ணீர்ச் சத்தம் என்றால் எனக்கு இன்றைக்கும் தூக்கம் கலையும்."

"கடைசி வரைக்கும் அப்படியா?"

"கம்யூனிசம் இருந்த காலத்திலும் அப்படி, அது போன பிறகும் அப்படி. அதிலே மட்டும் மாற்றம் இல்லை" என்று வல்போனா சிரித்தாள்.

பால் வாங்க இருட்டிலேயே போய் நிற்க வேண்டும் என்றாள். குளிரில் எல்லோராலும் நிற்க முடியாது. அதனால் வரிசையில் ஒரு கல்லை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பார்கள். ஒருவர் கல், ஒருவர் போத்தல், ஒருவர் கிழிந்த பை. கடை திறக்கும் நேரத்தில் ஒவ்வொருவரும் வந்து தங்கள் கல்லுக்குப் பக்கத்தில் நிற்பார்கள்.

"மற்றவர்கள் கல்லைத் தள்ளிவிட மாட்டார்களா?"

"யாரும் தொட மாட்டார்கள். என் அம்மாவின் கல் தட்டையானது, ஓரத்தில் வெள்ளைக் கோடு. ஊருக்கே அது தெரியும். என் அம்மாவுக்கு இருந்த மரியாதை அந்தக் கல்லுக்கும் இருந்தது."

தவமணி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். விடியாத ஒரு தெருவில் மனிதரே இல்லாமல் கற்கள் மட்டும் வரிசையாக நின்று பாலுக்குக் காத்திருப்பது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. இப்படி ஒன்றை ஒரு வெள்ளைக்காரியின் வாயிலிருந்து கேட்போம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

டிவி வாங்குவதற்கு வேலைத்தலத்தில் அனுமதி கிடைக்க வேண்டும். வல்போனாவின் அப்பாவுக்குப் பல வருடம் கழித்துக் கிடைத்தது. அதில் அரசாங்கம் காட்டுவதைத் தவிர வேறு எதுவும் பார்க்கக் கூடாது. ஆனால் இருட்டியதும் அவர் வெறும் டின் ஒன்றால் செய்த ஒரு கருவியை அன்ரெனாவில் பொருத்தி, அதை மெல்ல இத்தாலிப் பக்கம் திருப்புவார். படம் பனி கொட்டுவதுபோல வரும். சத்தத்தைக் குறைத்து வைத்து முழுக் குடும்பமும் பார்க்கும். வல்போனா இத்தாலி மொழி படித்தது அப்படித்தான். ஒரு தடவை விளம்பரத்தில் ஒரு பூனைக்கு வெள்ளித் தட்டில் இறைச்சி வைத்தார்கள்.

"எங்களுக்குக் கிழமைக்கு ஒரு தடவை கிடைக்கிற இறைச்சியை விட அது கூட. அப்பா உடனே சொன்னார், 'இது பொய். நம்மை ஏமாற்ற நடிக்கிறார்கள். பூனைக்கு எவன் இறைச்சி கொடுப்பான்?' நாங்கள் எல்லோரும் நம்பினோம். அரசாங்கம் சொன்னதில் ஒன்றையும் நம்பாத அப்பா, தன் கண்ணால் பார்த்ததை நம்பவில்லை."

தவமணி தன்னையறியாமல் அவளுடைய கையைப் பிடித்தாள்.

"எந்த வருடம் பிறந்தீர்கள்?"

"எழுபத்தொன்று."

"நானும்."

தொண்ணூறாம் ஆண்டு இருவருக்கும் பத்தொன்பது வயது. தவமணி அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தாள். அந்த வருடம் ஆனியில் போன கரண்ட் அவள் அங்கிருந்து வெளிக்கிடும் வரைக்கும் வரவில்லை. சண்டை. சாமான்கள் வரும் பாதை மூடப்பட்டது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சை வைத்து, அதில் நாலு துளி மண்ணெண்ணெய் ஊற்றி, அந்த வெளிச்சத்தில் ஏ லெவல் பரீட்சைக்குப் படித்தாள். செய்தி கேட்க வேண்டுமென்றால் அண்ணா சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு மிதிப்பார். டைனமோவிலிருந்து வயர் ரேடியோவுக்குப் போகும். அவர் களைத்தால் செய்தியும் களைக்கும்.

"நாங்கள் ஒளித்துப் பார்த்தோம். நீங்கள் மிதித்துக் கேட்டீர்கள்" என்றாள் வல்போனா. அவளுடைய கண்கள் அகல விரிந்திருந்தன.

"பிளேன் வந்தால் பங்கருக்குள் ஓடுவோம். அப்பா முற்றத்தில் வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை வைத்துச் செய்தது."

"பங்கரா?" வல்போனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்கள் நாட்டில் மலையில், வயலில், கடற்கரையில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் எங்கும் பங்கர்தான். கொங்கிறீட். அரசாங்கம் ஊர் முழுக்கக் கட்டியது. எதிரி வருவான், எதிரி வருவான் என்று சொல்லிச் சொல்லி. வீடு கட்டச் சீமெந்து இல்லை, பங்கருக்கு இருந்தது."

"எதிரி வந்தானா?"

"ஒருவனும் வரவில்லை. ஒரு பிளேன்கூட வரவில்லை."

வெளியே மழை யன்னலில் அடித்தது. ஒருத்தியின் நாட்டில் பங்கர் மட்டும் இருந்தது. மற்றவளின் முற்றத்துக்குப் பிளேனும் வந்தது.

பிறகு தவமணி கேட்டாள். "கம்யூனிசம் விழுந்த பிறகு? கடைகள் வந்திருக்குமே?"

வல்போனா கையைக் கழுவ ஒரு டப்பாவிலிருந்து அளவாகக் கொஞ்சம் தண்ணீரைச் சரித்தாள்.

"முதலில் உடைத்தார்கள். எல்லோரும் உடைத்தார்கள். அரசாங்கத்தின் சாமான் என்றால் இனி நம் சாமான். ஒருவன் கூட்டுப் பண்ணையின் கதவைக் கழற்றிக்கொண்டு போனான். என் மாமா வயலுக்குத் தண்ணீர் விடும் குழாயை நீளமாக வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பள்ளிக்கூடத்துக்குப் போனால் என் வகுப்பில் யன்னல் இல்லை. கண்ணாடி மட்டும் இல்லை, சட்டமும் இல்லை. பிள்ளைகள் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு இருந்தார்கள். நான் பாட்டுச் சொல்லிக் கொடுத்தேன். வாயைத் திறந்தால் புகை வரும். அந்தப் புகையைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள்."

"உருக்கு ஆலை?"

"மூடினார்கள். ஆலைப் புகை நின்றதும் என் வாழ்க்கையில் முதல்முறையாக வானம் நீலமாக இருந்தது. அழகான வானம். அதன் கீழே ஊர் முழுக்க வேலை இல்லாத ஆண்கள்."

அதன் பிறகுதான் கடை வந்தது. வல்போனா வாழ்ந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு மனிதர் இருந்தார். யார் இத்தாலி டிவி பார்க்கிறார்கள் என்று கட்சிக்கு எழுதிக் கொடுப்பவர் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மனிதர் ஒரு நாள் தன் படுக்கையறை யன்னலை இடித்து வாசலாக்கினார். அதற்கு முன்னால் இரண்டு படி வைத்தார். கட்டில் கிடந்த இடத்தில் ஒரு பலகை. பலகையில் கிரேக்க நாட்டு பிஸ்கட், துருக்கிச் சலவைத்தூள், உதட்டுச் சாயம், கொஞ்சம் சவர்க்காரம். கட்டடமே வரிசையில் நின்று பார்த்தது. வாங்குவதற்கு இல்லை. பார்ப்பதற்கு.

"சவர்க்காரம் மஞ்சள் உறையில் இருந்தது. நான் கையில் எடுத்து மணந்தேன். எனக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்குக் கொடுத்தேன். அவளும் மணந்து பார்த்து அடுத்தவளிடம் கொடுத்தாள். அப்படியே அது படி இறங்கித் தெருவரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அவர் திட்டவில்லை. பெருமையாக நின்றார். முன்பு எங்கள் கையில் காசு இருந்தது, கடையில் ஒன்றும் இல்லை. பிறகு கடையில் எல்லாம் இருந்தது, எங்கள் கையில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மணம்! அன்றைக்கு இரவு நான் தூங்கவில்லை. உலகத்தில் எங்கேயோ மனிதர்கள் ஒவ்வொரு நாளும் இந்த மணத்தோடு எழுந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன்."

அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் தவமணியும் அவளுடைய அம்மாவும் சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள். உடுப்பெல்லாம் பனம்பழ வாசம். கொழும்புக்கு வந்து முதல்நாள் குளிக்கப் போனபோது சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு குளிக்காமலே நின்றது அவளுக்கு நினைவு வந்தது. இத்தனை வருடத்தில் அவள் அதை ஒருவருக்கும் சொன்னதில்லை. சொன்னால் யாருக்கு விளங்கும் என்று நினைத்திருந்தாள். இப்போது சொன்னாள். ஆங்கிலம் போதாத இடத்தில் தமிழில் சொன்னாள். வல்போனா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். எல்லாம் விளங்கியதுபோலத்தான் இருந்தது.

கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு யாமினி கைக்குழந்தையோடு நின்றாள். மதுரைப் பெண். "ஆன்ட்டி, டேப்ல தண்ணியே வரல. பாட்டில் வாஷ் பண்ணக்கூட இல்ல" என்றாள். தவமணி இரண்டு டப்பா கொடுத்தாள். வல்போனா இன்னும் இரண்டை எடுத்துக்கொண்டு அவளுடைய வீடுவரைக்கும் போய் வைத்துவிட்டு வந்தாள். அதைப் பார்த்த எதிர்வீட்டுக் கிழவருக்கும் ஒரு வாளி போனது. சற்று நேரத்தில் மேல்மாடிகள் முழுவதும் முப்பத்தோராம் மாடியில் யாரோ இரண்டு பெண்களிடம் தண்ணீர் இருக்கிறது என்ற செய்தி பரவிவிட்டது. வல்போனா வாசலில் நின்று ஆட்களை ஒழுங்குபடுத்தினாள். குழந்தை இருக்கிற வீட்டுக்கு முதலில். ஆளுக்கு ஒன்று. தவமணி உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தாள். மாதம் ஆயிரக்கணக்கான டொலர் வாடகை கொடுத்து வாழும் மனிதர்கள் ஐஸ்கிரீம் டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, சிந்தாமல் மெல்ல நடந்து போனார்கள். தவமணி அந்தக் காட்சியை வியந்து பார்த்தாள்.

மூச்சிரைக்க லக்சனாவும் எர்மாலும் படியேறி வந்து சேர்ந்தபோது கேக் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. வீடு முழுக்க நண்டு வாசம். இரண்டு தாய்மாரும் குசினித் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா, வாட் ஹாப்பெண்ட்?"

"ஒண்டும் இல்லை. நாங்கள் கதைச்சுக்கொண்டு இருந்தம்."

வல்போனா மகனிடம் அல்பேனிய மொழியில் ஏதோ சொன்னாள். அவன் திகைத்துப்போய் லக்சனாவைப் பார்த்தான். "உன் அம்மா ஐந்து வருடம் கரண்ட் இல்லாமல் இருந்தாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"வாட்?" லக்சனா தாயின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "அம்மா, யூ நெவர் டோல்ட் மீ."

"நீ கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை. நீ சின்னப்பிள்ளையா இருக்கேக்க சொல்ல விருப்பமில்லை, வளந்த பிறகு எங்க தொடங்கிறதெண்டு தெரியேல்லை."

எர்மாலுக்கும் அதே நிலைதான். அவனை மூன்று வயதில் இந்த நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கிரீன் கார்ட் லாட்டரி விழுந்தது என்ற நல்ல செய்தி மட்டும்தான் அவனுக்குத் தெரியும். அன்றைக்குத்தான் வல்போனா அதற்கு முந்திய கதையைச் சொன்னாள். ஒன்றைக் கொடுத்தால் இரண்டாகத் தருவோம் என்று ஊர் ஊராகக் கம்பெனிகள் வந்ததையும், முதலாளித்துவம் என்றால் இதுதான்போல என்று எல்லோரும் நம்பியதையும், அகிம் குடியிருந்த வீட்டையே விற்று அதில் போட்டதையும், ஒரே குளிர்காலத்தில் நாடு முழுக்க அத்தனையும் பொசுங்கியதையும் சொன்னாள். எர்மால் அப்போது கைக்குழந்தை. காசை இழந்த மக்களின் கலகம், தெருவில் துப்பாக்கிச் சத்தம். அவனை மாமியார் வீட்டு மேசைக்குக் கீழே பாய் விரித்துப் படுக்க வைத்தார்களாம்.

"பப்பாவா? வீட்டை விற்றாரா?" என்று எர்மால் நம்பாமல் கேட்டான். அவனுக்குத் தெரிந்த அப்பா பத்து டொலருக்கு மேல் எதையும் இரண்டு தரம் யோசிக்காமல் வாங்காத மனிதர்.

"அவரிடம் கேட்காதே. அவராகச் சொல்லட்டும்" என்று வல்போனா அவனுடைய கன்னத்தைத் தட்டினாள். பிறகு தவமணியிடம் திரும்பி, "அவருக்கு இன்னும் வெட்கம். எனக்கு வெட்கம் இல்லை. ஒரு நாட்டுக்கே முப்பது வயதில் புதிதாக எழுத்துப் படிக்கச் சொன்னால் பிழை விடாமல் எழுதுமா?" என்றாள்.

தவமணி அவளைப் பார்த்தாள். தடித்த மணிக்கட்டு, சாயம் போட்ட தலை, ஈரமாகிக் காய்ந்த பூப்போட்ட சட்டை. இந்தப் பெண்ணை இறைவன் எங்கிருந்து தேடிப் பிடித்துத் தன் வீட்டுக் குசினித் தரையில் கொண்டுவந்து உட்கார்த்தினான் என்று நினைத்தாள்.

"பிள்ளை," என்றாள் லக்சனாவிடம். "நாள் பாருங்கோ. வைகாசி மாசம் நல்லது. அவையின்ர பக்கம் கோயில், சேர்ச், பள்ளிவாசல் ஏதும் இருக்கோ எண்டு கேள்."

லக்சனாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எர்மால் கேள்வியை மொழிபெயர்த்தான்.

"நான் பிறந்தபோது எங்கள் நாட்டில் கடவுளுக்கே தடை," என்றாள் வல்போனா. "அதனால் எல்லாக் கடவுளும் எனக்குச் சொந்தம். நீங்கள் கூப்பிடுகிற இடத்துக்கு நான் வருகிறேன்."

பின்னேரமாகியும் கரண்ட் வரவில்லை. சனிக்கிழமை மாலைக்குக் கடையில் கூட்டம் வரும், அகிம் தனியே திண்டாடுவார் என்று வல்போனா புறப்பட்டாள். லிப்ட் வரும்வரை பொறுங்கள் என்று பிள்ளைகள் சொல்லியும் கேட்கவில்லை. தவமணியும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு அவளோடு இறங்கினாள். படிக்கட்டில் மங்கலான அவசர விளக்கு மட்டும் எரிந்தது. இருவரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் "பார்த்து, பார்த்து" என்று சொல்லிக்கொண்டு, எர்மாலும் லக்சனாவும் பின்னால் வர, மெல்ல மெல்ல இறங்கினார்கள். வெளியே மழை விட்டிருந்தது. நாற்சந்தியில் ஒரு பொலிஸ்காரர் மழை அங்கியோடு நின்று கையால் வாகனங்களை மறித்தும் விட்டும்கொண்டிருந்தார். வல்போனா காரில் ஏறுமுன் தவமணியை இறுக்கிக் கட்டி இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். அவளிடமிருந்து நண்டுக் குழம்பு மணத்தது.

எர்மால் தாயை ஏற்றிக்கொண்டு போனதும் லக்சனா பக்கத்துத் தெருவில் ஒரு நண்பியைப் பார்க்க நடந்தாள். தவமணி திரும்பி வந்தபோது கட்டட வாசலில் இளங்குமரன் கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"லிப்ட் இல்லை. ஏறத்தான் வேணும்" என்றாள் அவள்.

"கொஞ்சம் பொறு. என்ன மாதிரி அந்த வெள்ளைக்காரி? உன்னோட ஏதும் கதைச்சவவோ?"

"எழும்புங்கோ. சொல்லிக்கொண்டு ஏறுவம்."

அவருடைய பையைத் தான் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அவள் முன்னே ஏறினாள். ஏறிக்கொண்டே சொன்னாள். அவர் பதினோராம் மாடியில் மூச்சு வாங்க நின்றார். அவள் நிற்கவில்லை, சொல்லுவதையும் நிறுத்தவில்லை. கதை அப்போதுதான் தொண்ணூறாம் ஆண்டுக்கு வந்திருந்தது.